மடித்துத் தைத்த மூலை

என் பிள்ளைகள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்கள். இடி இடித்தால் கதவைச் சாத்துவேன், தந்தி வந்தால் பிரிக்கமாட்டேன், பரணில் ஏதாவது உருண்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கேலி செய்யட்டும். இடிக்கும் தந்திக்கும் காரணம் கிடையாது, அது என் பிறவிக்குணம். பரணில் உருளும் சத்தத்துக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுவதுகூட, இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்ற தைரியத்தில்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. தர்மபுரியில் பெண் பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தேன். அப்பாவுக்குப் புளி வியாபாரம். அரூருக்கும் மலையடிவாரத்துச் சந்தைகளுக்கும் வண்டி கட்டிக்கொண்டு போனால் வீடு திரும்ப ஒரு வாரம்கூட ஆகும். வீட்டில் பாதி இடம் எங்களுக்கு, மீதி இடம் புளி மூட்டைக்கும் கேழ்வரகு மூட்டைக்கும். மூட்டை இருந்தால் எலி இருக்கும். அந்த வருஷம் வரை எலி எங்களுக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான்.

பள்ளியில் வியாழக்கிழமை பிற்பகல் தையல் வகுப்பு. மேட்டித் துணி என்று ஒன்று உண்டு. இழைகள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும்படி நெய்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஊசியால் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனால் பூ வரும், கிளி வரும். புத்தகத்தில் அதற்குக் குறுக்குத் தையல் என்று பெயர். நாங்கள் பெருக்கல் தையல் என்போம். கணக்கு வகுப்பில் வராத பெருக்கல் எனக்கு இதில் வந்தது.

தையல் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா ஒல்லியான, குரல் உயர்த்தாத மனுஷி. வருஷத்தைக் காலத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருந்தார். பள்ளி திறந்ததும் கைக்குட்டையில் மாங்காய். புரட்டாசி மழைக்கு மயில். ஐப்பசியில் விளக்கு. அதன் பிறகு கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நட்சத்திரமும் மணியும். அதைக் கொடுத்து முடிக்கும் முன்பே பொங்கல் பானையும் கரும்பும் தொடங்கிவிட வேண்டும். பாதி தைத்த துணிகளையெல்லாம் வகுப்பு முடிந்ததும் வாங்கிப் பள்ளி அலமாரியில் பூட்டிவிடுவார். கடைசி வாரம், முடிப்பு வேலைக்கு மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்.

முடிப்பு என்றால் அது ஒரு தனிப் படிப்பு. பூந்திக்கொட்டை நுரையில், பச்சைத் தண்ணீரில், கசக்காமல் அலச வேண்டும். யுத்தத்தால் நல்ல நூல் வரத்து நின்றுபோயிருந்தது. கடையில் கிடைத்த சிவப்பு நூல் சூடு பட்டால் சாயம் விடும். அலசிய துணியைத் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, மடித்த கம்பளிமேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமாகக் கரிப்பெட்டி தேய்க்க வேண்டும். பிறகு ஓரம். கைக்குட்டை என்றால் சுருட்டித் தைக்கலாம். மேஜைத் துணி என்றால் இழை உருவிக் குஞ்சம் விடலாம், அல்லது மூலையைச் சாய்வாக மடித்துப் பின்னால் லைனிங் வைக்கலாம். சுவரில் மாட்டுவது என்றால் அட்டைமேல் இழுத்துக் கட்டலாம். கஞ்சி மட்டும் கூடவே கூடாது.

"கஞ்சி போட்ட துணிக்குப் பூச்சி வரும், எலி வரும்" என்பார் டீச்சரம்மா. "ஊர் இருக்கிற இருப்புல எலியை வெத்தலை பாக்கு வெச்சு அழைக்காதீங்க."

முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் முதலில் பார்ப்பது துணியின் பின்பக்கத்தைத்தான். பின்பக்கம் சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். துணியைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிடுவார். அதற்குப் பிரம்படியே தேவலை என்று இருக்கும்.

என் பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள் எங்கள் பின்தெருக்காரி. எங்கள் கொல்லைக்கும் அவர்கள் கொல்லைக்கும் நடுவில் சப்பாத்திக் கள்ளி வேலி ஒன்றுதான். அவள் கை ஓட்டம் அப்படி. நான் ஒரு மணி தைப்பதற்குள் அவள் நாலு மணியும் தைத்து, நட்சத்திரத்தில் பாதியும் தைத்துவிட்டு, என் துணியை இழுத்து அதிலும் ரெண்டு வரி போடுவாள். ஆனால் ஓரம் மடிக்கச் சொன்னால் அவளுக்கு வேப்பங்காய். எனக்கோ தைப்பதில் ஆமை வேகம், முடிப்பில் மட்டும் கை சுத்தம். அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

"நான் தைக்கிறேன், நீ முடி" என்பாள். அப்படித்தான் மயிலும் போயிற்று, விளக்கும் போயிற்று. டீச்சரம்மாவுக்கு இது தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அந்த மழைக்காலம் முடிந்து பனி இறங்கியதும் பிளேக் என்ற சொல் ஊருக்குள் வந்தது. மைசூர் எல்லைப் பக்கமிருந்து வருகிறது என்றார்கள், பாலக்கோட்டில் ஒரு தெருவே காலி என்றார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் தண்டோரா போட வைத்தார். வீட்டில் எலி தானாகச் செத்து விழுந்தால் உடனே சொல்ல வேண்டும். சொன்னால் தெருவே வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே வயற்காட்டில் கொட்டாய் போட்டுத் தங்க வேண்டும். கூரை ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் வெயில் விடுவார்கள், கந்தகம் புகைப்பார்கள், எலி பட்ட துணிமணிகளைக் கொளுத்துவார்கள். சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதை இன்ஸ்பெக்டர் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சல் வந்து அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டிவிட்டால் மூன்று நாள், நாலு நாள். அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மா தினமும் விளக்கு வைக்கும் முன் என்னைக் கூப்பிட்டு அக்குளில் விரல் வைத்து அமுக்கிப் பார்ப்பாள். எனக்குக் கூச்சமாக இருக்கும், சிரிப்பு வரும். "சிரிக்காதடி, நெறி கட்டியிருக்குதான்னு பாக்கறேன்" என்பாள். என்னை விட்டுவிட்டு அக்காவிடம் போவாள். அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாசம் முடிந்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தாள்.

இந்த நிலையில்தான் நான் கஞ்சி போட்டேன்.

சொன்னால் வெட்கமாக இருக்கிறது. முந்தின வருஷ விற்பனையில் ஒரு துரைசாணி கொண்டுவந்து வைத்த மேஜைத் துணி அப்பளம் மாதிரி விறைத்து நின்றதைப் பார்த்திருந்தேன். என் நட்சத்திரத் துணியும் அப்படி நிற்க வேண்டும் என்று ஆசை. அப்பாவின் வேட்டிக்கு அம்மா வடிகஞ்சி போடுவதுதானே, அதையே கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டு, மேட்டித் துணியை முக்கிக் காயப்போட்டு, பெட்டி தேய்த்தேன். என்ன விறைப்பு. நடுவில் சிவப்பு நட்சத்திரம், நாலு மூலையிலும் மணி. சனிக்கிழமை மதியம் கொடுக்க வேண்டியது. வியாழன் சாயங்காலம் அதை மடிக்காமல், மூட்டை அறையில் இருந்த என் தகரப் பெட்டிக்குள் மேலாக வைத்தேன். அந்தப் பெட்டியின் மூடி சரியாக உட்காராது. ஒரு பக்கம் நாலு விரல் நுழையும்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பெட்டியைத் திறந்தேன். ஒரு மூலை இல்லை. மணிக்குக் கீழே, என் உள்ளங்கை அகலத்துக்குத் துணி கொறித்துக் குதறிக் கிடந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் எலி மல்லாந்து கிடந்தது. வாயோரம் ரத்தம். யாரும் அடிக்கவில்லை, வீட்டில் பாஷாணமும் வைக்கவில்லை.

வயிற்றில் புளியைக் கரைத்தது. புளி மூட்டைக்கு நடுவில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு இப்போது சிரிப்பாக இருக்கிறது. அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அடுப்படியில் அம்மா அக்காவுக்குச் சீரகத் தண்ணீர் ஆற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருந்தால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவுக்காக மூடிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். என் மனதில் ஓடியது இவ்வளவுதான்: இன்ஸ்பெக்டர் என் துணியைக் கொளுத்துவார். டீச்சரம்மாவுக்கு நான் கஞ்சி போட்டது தெரிந்துவிடும். கஞ்சி போட்டதால்தான் எலி வந்தது, என் ஒருத்தியால்தான் தெரு முழுக்க வீட்டைவிட்டுப் போகிறது என்று எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்தேன்.

அடுப்புக் கிடுக்கியை எடுத்துவந்து எலியை வாலில் பிடித்தேன். கொல்லைக்கு ஓடி, கள்ளி வேலிக்கு மேலே வீசினேன். அந்தாண்டை எங்கோ தொப்பென்று விழுந்தது. கிடுக்கியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கையைத் தேய்த்தேன். மறுபடியும் கையைத் தேய்த்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா திட்டினாள்.

அன்று சாயங்காலம் துணியிலிருந்த கஞ்சியையெல்லாம் அலசி எடுத்தேன். கொறித்த மூலையை வெட்டி எறியலாம் என்றால், மேட்டித் துணியை வெட்டினால் இழை பிரிந்துகொண்டே போகும், மணியையும் விழுங்கிவிடும். அதனால் மூலையை மணிக்கு அடியில் சாய்வாக உள்ளே மடித்தேன். ஒரு மூலை மட்டும் மடங்கியிருந்தால் கேள்வி வரும். மற்ற மூன்று நல்ல மூலைகளையும் அதே அளவுக்கு மடித்தேன். சதுரத் துணி எட்டு மூலைத் துணி ஆயிற்று. பின்னால் அம்மாவின் பழைய நீலப் புடவைத் துண்டை லைனிங்காக வைத்து, பொடித் தையலாகத் தைத்து மூடினேன். எலிப் பல் பட்ட இடம் உள்ளே போய்விட்டது. அவ்வளவு சுத்தமான முடிப்பை அதற்கு முன்பும் நான் செய்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

சனிக்கிழமை டீச்சரம்மா வழக்கம்போல் துணியைத் திருப்பினார். நீல லைனிங்கைத் தடவினார். ஒரு மூலையில் விரல் நின்றது.

"இங்க மட்டும் கொஞ்சம் தடிமனா இருக்கே?"

"அவசரத்துல மடிச்சதுங்க டீச்சரம்மா."

அவர் துணியை நேராகத் திருப்பி வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார். "பாருங்க. எல்லாரும் மூலையை எங்க ஒளிக்கிறதுன்னு தவிக்கிறீங்க. இவ நாலு மூலையை எட்டாக்கியிருக்கா. முடிப்புன்னா இது." அந்தப் பள்ளியில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். பின்தெருக்காரி மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளி, "என் கரும்புக்கும் இதே மாதிரி பண்ணிக் குடு" என்றாள். அவள் அதற்குள் பொங்கல் துணியைத் தொடங்கிவிட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு ஒரே நாளாகத்தான் நினைவிருக்கின்றன. காலையில் கண் விழித்ததும் அக்குளில் விரல் வைத்து அமுக்குவேன். அமுக்கி அமுக்கியே வலி வந்துவிட்டது. வலித்ததும் நெறிதான் கட்டுகிறது என்று நினைத்து அழுவேன். அக்கா தும்மினால் எனக்கு நெஞ்சு நின்றுபோகும். மூட்டை அறைக்குள் போகமாட்டேன். அம்மா ஏதாவது எடுத்துவரச் சொன்னால், கால் வலி என்பேன். ஒரு விஷயம் மட்டும் எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. அம்மாவும் அந்த அறைக்கு என்னை அனுப்புவதை நிறுத்தியிருந்தாள். அக்காவின் கட்டிலையும் அந்த அறைச் சுவரோரத்திலிருந்து முன்கூடத்துக்கு மாற்றிப் போட்டாள்.

விற்பனை அடுத்த வெள்ளிக்கிழமை. அம்மா என் பள்ளி வாசலை மிதித்ததே கிடையாது. அன்றைக்கு, புதுப் புடவை கட்டிக்கொண்டு, கூட்டத்துக்குள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். டீச்சரம்மா அவளைக் கைபிடித்து அழைத்துப்போய் என் துணியைக் காட்டினார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் கை வேலை தெரியும். அந்த மூலைகளைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை நான் தூரத்தில் நின்று பார்த்தேன். முடிச்சு அவிழ்த்துக் காசு கொடுத்து அதை வாங்கிவிட்டாள். எவளாவது துரைசாணி வாங்கி, கப்பலேற்றிக் கண்காணாத தேசத்துக்குக் கொண்டுபோய்விடுவாள் என்று நான் நம்பியிருந்த துணி.

"எதுக்கும்மா வாங்கினே?" என்றேன் வழியில்.

"உங்கக்கா கொழந்தையைத் தொட்டில்ல போடற அன்னிக்கு அடியில விரிக்கத்தான். சித்தி கையால தெச்சதாச்சே."

வீடு வரும்வரை அவள் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி பிறந்த குழந்தையைப் பழந்துணியில்தான் கிடத்துவார்கள். பதினோராம் நாள் தொட்டில் போடும்போதுதான் புதுத் துணி. அதுவரை என் நட்சத்திரத் துணி அக்காவின் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. எனக்குப் பத்து நாள் தவணை. பள்ளிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டுவிட்டார்கள். அம்மா அக்காவின் பத்தியத்தையும் குழந்தையையும் சாக்கு வைத்து என்னைத் தெருப்பக்கம்கூட விடவில்லை.

குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும். விடாது. அதன் தலைக்கு அடியில் அந்த மூலை வரப்போகிறது. பல்லின் பக்கத்தில் விஷம் இருக்குமா, ரத்தத்திலா, அலசினால் போகுமா, போகாதா, எனக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்குப் படித்தவர்கள் தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் அந்த நோய் பரவும் என்கிறார்கள். துணி மூலையில் ஒன்றும் இருந்திருக்காது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, எலி தொட்டதைக் கொளுத்துவார்கள் என்பது மட்டும்தான். கொளுத்த வேண்டியதை நான் லைனிங் வைத்து மூடியிருக்கிறேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று காலையில் எழுந்திருப்பேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் குழந்தைத் துணி அலசக் கொல்லைக்குப் போய்விடுவேன். பயம் என்பது இவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பத்தாம் நாள். மறுநாள் தொட்டில். அம்மா குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கொல்லை அடுப்பில் அண்டாவில் வெந்நீர் தளதளவென்று கொதித்தது. நான் அக்காவின் பெட்டியைத் திறந்து துணியை எடுத்துக்கொண்டுபோய் அண்டாவுக்குள் போட்டேன். விறகுக் குச்சியால் அமுக்கினேன். கொதித்தால் எல்லாம் செத்துவிடும் என்று நினைத்தேன். சிவப்பு கழன்று வந்தது. நட்சத்திரம் இருந்த இடத்தில் ஒரு பெரிய ரோஜாக் கறை. மணிகளும் அதில் போயின. நீல லைனிங் தன் பங்குக்குச் சாயம் விட்டது.

அம்மா குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெந்நீர் மொள்ள வந்தாள்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?"

குச்சியால் துணியைத் தூக்கிக் கல்லின்மேல் போட்டாள். பழம்புடவை லைனிங் சூட்டில் இற்றுப்போயிருந்தது. ஒரு மூலையில் தையல் விட்டு, மடிப்பு தானாகத் திறந்துகொண்டது. அம்மா குனிந்தாள். மூட்டைகளோடு வாழ்ந்தவள் அவள். எலி கொறித்த விளிம்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது எப்போ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சியிலிருந்து தொடங்கினேன். அழுகையில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது.

"அடிச்சியா? செத்துக் கெடந்துச்சா?"

"செத்துத்தான் கெடந்துச்சும்மா. வாயில ரத்தம்."

"எங்க போட்டே?"

"கள்ளிக்கு அந்தாண்ட."

அம்மா துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நானும் ஒண்ணைப் பொதைச்சேன்டி. அதே வாரம். கேவுரு மூட்டைக்கு அடியில கெடந்துச்சு. எருக்குழியில பொதைச்சேன். வயித்துப்புள்ளைக்காரிய இந்தப் பனியில கொட்டாய்க்கு இட்டுக்கினு போயி, அங்க எப்படிப் பெத்தெடுப்பான்னு... ஒண்ணுதானே, பூனை கடிச்சதா இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

பெரியவர்களுக்குத் தெரிந்தால் சரியாகிவிடும் என்று நான் இத்தனை நாளாக நம்பியிருந்தது அந்த நொடியில் போயிற்று. அம்மாவும் என்னைப் போலவே விரல் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் பயம் குறையவில்லை. இரண்டு மடங்காகிவிட்டது.

அப்பா ஊரில் இல்லை. அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, பகல் வெயிலில் நடந்தே இன்ஸ்பெக்டரின் ஆபீசுக்குப் போனாள். ஆண்பிள்ளைகள் முன்னால் தலை நிமிர்ந்து பேசாதவள், வாசற்படியிலேயே நின்று சொன்னாள்.

"எங்க வூட்டுல ரெண்டு எலி செத்துச்சுங்க. பல நாளாச்சு. பயந்துக்கிட்டுச் சொல்லலைங்க."

யார் பயந்தது என்று அவள் பிரித்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாளே எங்கள் தெருவும் பின்தெருவும் காலி. அதியமான்கோட்டைச் சாலை ஓரத்தில் அறுப்பு முடிந்த புன்செய்க் கொல்லைகளில் கொட்டாய் போட்டார்கள். அக்காவையும் குழந்தையையும் வைக்கோல் பரப்பிய வண்டியில் கொண்டுபோனோம். தொட்டில் அங்கேதான் கட்டினோம், வேலமரக் கிளையில், பழம்புடவையில். துணியை இன்ஸ்பெக்டரின் ஆட்கள் கொளுத்தினார்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் ஊசி போட்டார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூடக் கை அக்குளுக்குப் போய்விட்டு வருகிறது.

கொட்டாய் வரிசையில் நான் பின்தெருக்காரியைத் தேடினேன். அவர்கள் கொட்டாய் வரிசையில் இல்லை. தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தனியாக ஒரு கொட்டாய் இருந்தது. அதன் அருகில் யாரும் போகக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். அவளுக்கு இரண்டு நாளாகவே காய்ச்சலாம். குளிர்ஜுரம் என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்களாம். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகும்போது தொடையில் நெறி தெரிந்ததாம். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். அம்மாவும் கேட்டாள். குடத்தை இடுப்பில் வைத்தபடி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு, சாகும்வரை அவள் அந்த விஷயத்தை என்னிடம் எடுக்கவில்லை.

நாலாம் நாள் விடிந்ததும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அவள் அம்மாவின் குரல். நான் காதைப் பொத்திக்கொண்டு வைக்கோலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

எலிகள் எந்த வேலியையும் கேட்டு நடப்பதில்லை. நான் வீசாவிட்டாலும் அங்கே எலி செத்திருக்கலாம். அவர்கள் வீட்டிலும் மூட்டைகள் இருந்தன. இதை நான் எனக்கே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொப்பென்று விழுந்த சத்தம் அதைக் கேட்டுக்கொள்வதில்லை.

தை கழிந்து, மாசி நடுவில் பள்ளி திறந்தார்கள். பெஞ்சில் என் இடப்பக்கம் காலி. டீச்சரம்மா அலமாரியைத் திறந்து எல்லாருக்கும் பாதியில் நின்ற பொங்கல் துணிகளைக் கொடுத்தார். பொங்கல் எப்போதோ போயிருந்தது; ஆனாலும் தொடங்கியதை முடிக்க வேண்டும் என்பார். கடைசியாக ஒரு துணி அவர் கையிலேயே இருந்தது. பானை முழுசாக இருந்தது. ஒரு கரும்பு முழுசு, இன்னொன்று பாதி. பச்சை நூல் கோத்த ஊசி அந்தப் பாதிக் கரும்பிலேயே குத்தியிருந்தது.

என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை நீதான் முடிக்கணும்மா. அவங்க அம்மா கேட்டு அனுப்பியிருக்காங்க, வீட்டுல வெச்சுக்கணுமாம். அவ எப்பவும் உன்கிட்டதானே முடிக்கக் குடுப்பா. அந்த நட்சத்திரத்துக்குப் பண்ணினியே, அதே மாதிரி நாலு மூலையையும் மடிச்சு, லைனிங் வெச்சு..."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். நான் சொல்ல வேண்டி வந்திருக்கும். அன்றைக்கும் அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

பாதிக் கரும்பை அவள் ஊசியாலேயே தைத்து முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பச்சைத் தண்ணீரில் அலசினேன், கம்பளிமேல் கவிழ்த்துத் தேய்த்தேன், கஞ்சி போடவில்லை. மூலைகளை மடிக்கவில்லை. லைனிங்கும் வைக்கவில்லை. நாலு பக்கமும் இழை உருவிக் குஞ்சம் விட்டேன், திருப்பிப் பார்த்தால் அவளுடைய முடிச்சுகளும் என்னுடைய முடிச்சுகளும் எல்லாம் தெரியும்படி.

டீச்சரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். காகிதத்தில் சுற்றி, போகிற வழியில் நீயே கொடுத்துவிடு என்று என் கையில் கொடுத்தார். பின்தெரு வழியாகப் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "நீயாவது நல்லா இரு கண்ணு" என்றாள்.

அவள் தோளுக்கு மேலே அவர்கள் கொல்லைக் கதவு திறந்திருந்தது. கள்ளி வேலி தெரிந்தது.